மூன்று சொட்டு

எடைப்பாலத்துக் கண்ணாடிக் கூண்டில்
பன்னிரண்டு வருஷம்.
இன்றைக்கு மட்டும் நாற்பத்தொரு லாரி.
ஒவ்வொன்றும் செம்பனைக் குலையோடு உள்ளே வரும்,
வெறும் வயிறாய் வெளியே போகும்.
இரண்டுக்கும் நடுவே உள்ளதை
டன்னில் எழுதிக் கையெழுத்துப் போடுவது நான்.

ஆலை அவிக்கும் வாசம்
சன்னலைச் சாத்தினாலும் வரும்.
ரசீதுத் தாளில் எண்ணெய்.
கால்குலேட்டரின் ஏழில் எண்ணெய்.
சாயங்காலம் முகத்தை ஒற்றினால்
டிஷ்யூத் தாளில் மறுபக்கம் தெரியும்.

இந்த மூஞ்சிக்கு இன்னும் எண்ணெயா
என்று நானும்தான் கேட்டேன்.

பீடோர் மருந்துக் கடையில்
சட்டையில் ஹுய் மின் என்று பெயர் குத்தியிருந்த பெண்
என் கன்னத்தைப் பார்த்தாள்,
நான் லாரியைப் பார்ப்பது மாதிரி.
"காக், உங்களுக்கு வறட்சி.
காய்ந்த தோல் பயந்துபோய்
எண்ணெயைக் கொட்டுது" என்றாள் மலாயில்.
மலாயில் சொன்னதால் நம்பினேனோ என்னவோ.
நாளுக்கு நாலு தரம் சோப்புப் போட்டு
நான்தான் அதை மிரட்டியிருக்கிறேன்.

முப்பது மில்லி.
முப்பத்தொன்பது ரிங்கிட் தொண்ணூறு காசு.
என்னைக் கேட்காமலே மண்டை பெருக்கியது:
ஒரு டன் வாங்கினால்
பதின்மூன்று லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும்.

வீட்டில் குணாளன் குப்பியை ஆட்டிப் பார்த்தார்.
"இதிலே எத்தனை அப்பளம் பொரியும்?"
சிரித்தேன்.
சிரித்து முடித்ததும்
அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

முறை சொல்லி அனுப்பியிருந்தாள்:
கழுவணும். முழுசாய்த் துடைக்கக் கூடாது,
ஈரம் இருக்கும்போதே வைக்கணும்.
மூன்று சொட்டு. நாலாவது பேராசை.
தேய்க்காதீங்க. அமுக்குங்க.

தேய்க்காமல் எண்ணெய் வைக்க
எனக்குத் தெரியாது.
இதுவரை என்மேல் விழுந்த எண்ணெயெல்லாம்
அதட்டலும் கண்ணெரிச்சலுமாய்
அரக்கித் தேய்த்தவை.

உள்ளங்கையில் விழுந்தது
எண்ணெய் மாதிரியே இல்லை.
தண்ணீருக்குக் கொஞ்சம் சோம்பல் வந்தால்
இப்படித்தான் நகரும்.
நிறமில்லை. வாசமில்லை.
ஆலைக்காரிக்கு வாசமில்லாத எண்ணெய்
பிடித்தமே இல்லாத சம்பளச் சீட்டு மாதிரி,
திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொல்லும்.

இரண்டு கையையும் ஒட்டி, பிரித்து,
கன்னத்தில் வைத்தேன்.
நெற்றியில்.
மங்கு படர்ந்த இடத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம்.
மோட்டார் ஹெல்மெட்டின் வார்
கறுப்பாக்கிய தாடைக் கோட்டில்.
கழுத்தை மறந்து,
விளக்கை அணைத்த பிறகு நினைவு வந்து, கழுத்திலும்.

இவ்வளவு நேரம்
யாரும் என் முகத்தில் கை வைத்ததில்லை.
காய்ச்சல் பார்க்கத் தொட்டிருக்கிறார்கள்.
அவர்கள் தேடியது காய்ச்சலை.

குப்பியின் முதுகில் எறும்பு எழுத்து.
போனில் படம் எடுத்து
ஆலை லேபில் இருக்கும் காக் ரொஸ்னாவுக்கு அனுப்பினேன்.
பதில் உடனே வந்தது, அவருக்கும் தூக்கமில்லை போல:
"மூன்றாவதாய் ஒரு பேர் இருக்கே,
அது தேங்காயிலிருந்தும் எடுப்பாங்க,
செம்பனைக் கொட்டையிலிருந்தும் எடுப்பாங்க.
இது எதுவோ, யார் கண்டது."

யார் கண்டது.
ஒரு செவ்வாய்க்கிழமை மழையில்
நம்பர் பிளேட் தெரியாமல்
இரண்டு தரம் கத்திக் கேட்டு எழுதினேனே,
அந்த லாரியில் போனதாகக்கூட இருக்கலாம்.
எங்கெங்கோ சுற்றி,
சிவப்பை விட்டு, வாசத்தை விட்டு,
வாயில் நுழையாத பேர் வைத்துக்கொண்டு
திரும்பி வந்திருக்கலாம்.
அப்போது அதை நிறுத்தது நான்.
இப்போது என்னை அது என்ன செய்கிறது
என்று சொல்லத் தெரியவில்லை.

எண்ணெய் பூசிக்கொண்டு புரண்டாலும்
ஒட்டுகிற மண்தான் ஒட்டுமாம்.
நான் புரளப் போவதில்லை.
காலையில் ஆறு மணி ஷிப்ட்.
மல்லாந்து படுத்திருக்கிறேன், ஆடாமல் அசையாமல்.
பாசார் மாலாமில் நாலு ரிங்கிட்டுக்கு வாங்கிய
தலையணை உறைக்கு
இதில் ஒரு சொட்டும் கிடையாது.